இராயப்பரின் இரண்டு கைகள்

அமலோற்பவத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைப்பவள். ஆனால் மலாய் நாட்டுக் காஹாங் தோட்டத்துப் பலகைக் கோயிலில் தொங்கிய எண்ணெய்ச் சாயப் படத்தை அவளைப் போலப் படித்தவர் எவருமில்லை.

படத்தில் தலைமைச் சீடர் இராயப்பர் குளிர்காய்கிறார். 'இந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று தம் ஆண்டவரையே மறுதலித்த ராத்திரி. சுவர்மேல், அந்தப் பொய்க்குச் சாட்சியாய்க் கூவும் ஒரு சேவல் வாய் திறந்து நிற்கிறது. எல்லோரும் சேவலைப் பார்ப்பார்கள். அவள் கைகளைப் பார்ப்பாள். ஒரு கை நெருப்பை நோக்கி நீண்டிருக்கும், மற்றது நெஞ்சுத் துணியைக் கசக்கிப் பிடித்திருக்கும்.

"உசுரு ஒரு பக்கம் இழுக்குது, மனசு ஒரு பக்கம் இழுக்குது. மனுசன் ரெண்டா கிழிஞ்சு உக்காந்திருக்காரு" என்பாள்.

தோட்டத்து முருக பக்தர்களுக்கோ அது வேறு படம். சேவல் இருக்கிறதே, முருகன் இல்லாமலா? கிழவர் யாரோ அடியார் என்று முடிவு கட்டி அவர்களும் கும்பிட்டுப் போவார்கள். என்ன வழக்கானாலும் சேவலின் அலகில் விரல் வைத்துச் சத்தியம் செய்தால் தீர்ந்தது. அந்த இடத்தில் சாயமே தேய்ந்து துணி தெரிந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டதும் அவன் காட்டுக்குள் பதுங்கிவிட்டான். பால் வாளியின் அடியில் மரவள்ளிக்கிழங்கை மறைத்து அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த நேரம், ஆட்களை மேய்க்கும் மண்டோர் காளியப்பன் ஒரு சிப்பாயோடு வந்தான். தமிழ் தெரியாத சிப்பாய் வாசலில் நின்றான்.

"இந்தாம்மா, புருசன் இருக்கற எடம் தெரியாதுன்னு சேவல் மேல கை வச்சுச் சொல்லிடு. நான் போயிக்கிட்டே இருக்கேன்."

அவள் விரலைத் தூக்கினாள். கசங்கிய அந்த நெஞ்சுத் துணி கண்ணில் பட்டது. 'தெரியாது' என்று சொல்லித்தானே இவர் இந்தக் கதிக்கு ஆளானார்? விரலை இறக்கினாள்.

"தெரியும்ணே. எடத்தச் சொல்ல மாட்டேன்."

"அடிபட்டுச் சாவப் போறியா?"

"அது எம்பாடு. மூணு மாசத்துல வந்துருவான்னு சொல்லித்தானே ராஜம்மா மவன அனுப்புனீங்க? எம் புருசன் உசுரோட திரும்புவாருன்னு நீங்க வெரல வைங்க. இப்பவே எடத்தக் காட்டறேன்."

வாசலில் சிப்பாயின் பூட்ஸ் உரசியது. காளியப்பனின் வலது கை சேவலை நோக்கி நீண்டு அந்தரத்தில் நின்றது. இடது கை சட்டையைக் கசக்கியது. அமலோற்பவம் அந்தக் கைகளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

கடைசியில் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனான். "சூடா மாத்தி, துவான்," ஆள் செத்துவிட்டான் என்று மலாயில் சொல்லி சிப்பாயை அழைத்துப் போனான்.

மறுநாள் மரத்தடிக்கு வந்து, "வெள்ளச் சேலையாவது கட்டும்மா, நம்புவாங்க" என்று கெஞ்சினான்.

"உங்க பொய்ய நீங்க சொமங்கண்ணே. நான் கலர் சேலதான் கட்டுவேன்."

அப்படியே கட்டினாள். சண்டை ஓய்ந்து ஸ்டானிஸ்லாஸ் எலும்பும் தோலுமாய் வீடு திரும்பிய அன்றும் சிவப்புச் சேலைதான்.

காளியப்பன் சொன்ன அந்தப் பொய்க்கு அடுத்த ஞாயிறு சேவலின் அலகில் திருநீறு பூசியிருந்தது. யாரென்று எல்லோருக்கும் தெரியும். துடைக்க வந்தவர்களை அமலோற்பவம் தடுத்தாள்.

"இருக்கட்டும் விடுங்க. இராயப்பருக்கும் ஒரு தொண வேணாமா?"