அடிக்குறிப்பு அக்கா வைத்த கண்ணி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியவர்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பயந்தார்களோ இல்லையோ, அடிக்குறிப்பு அக்காவுக்குப் பயந்தார்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த சரிபார்ப்பு அறையில் அவர் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். கடைசி ஒன்பது வருஷம் எதிர் மேஜையில் நான்.

வேலையைச் சொன்னால் சுலபமாகத் தெரியும். வரலாறு, உயிரியல், திரைப்படம், கணிதம், இறையியல் என்று எந்தத் துறை ஆய்வேடானாலும் தேர்வுக்குப் போகும் முன் எங்களிடம் வரும். ஒவ்வொரு அடிக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன புத்தகத்தை அடுக்கில் தேடி, அந்தப் பக்கத்தைப் பிரித்து, எழுதியது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை. அக்கா பச்சை மையில்தான் எழுதுவார். அவருடைய "இல்லை" இரண்டு சேர்ந்து விழுந்தால் ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான்.

இத்தனைக்கும் அவர் எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை. பல்லாயிரம் புத்தகங்களில் ஒவ்வொரு பக்கம் படித்திருந்தார். எந்தப் போர் எந்த ஊரில் தொடங்கியது என்று சொல்வார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், "அது வேற பக்கம்பா, யாரும் காட்டல" என்பார்.

பேராசிரியர் இனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. மேற்கோள் காட்டிய புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்க்காதவர்கள் அதில் பாதி. மாணவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பழைய ஆய்வேட்டின் நூற்பட்டியலையோ நூலகப் பட்டியலையோ அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்துத் தங்கள் ஆய்வேட்டின் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பிடிக்க எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை உலகத்திலேயே இல்லாத ஒரு புத்தகத்தின் பெயரை நூலகப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். இதற்குக் கண்ணி என்று பெயர். அந்தப் புத்தகத்தைப் படித்ததாக எவன் எழுதுகிறானோ, அவன் மாட்டினான். ஆய்வேடு திரும்பிவிடும், ஒரு வருஷம் போச்சு.

கடைசிக் கண்ணியை வைத்தவர் அக்கா. அதில்தான் அவர் ஒரு தப்புச் செய்தார். கண்ணிப் புத்தகத்துக்கு ஆசிரியர் என்று வைக்கும் பெயர் யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா தன் தம்பியின் பெயரை வைத்தார்.

தம்பி கணிதத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவன். "இல்லாதவற்றை எண்ணும் முறை" என்பது அவன் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் தலைப்பு. கண்ணிப் புத்தகத்துக்கும் அக்கா அதையே தலைப்பாக வைத்தார். இருபத்தாறு வயதில் ஒரு சாயங்காலம் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "விளக்கை அணைக்காதக்கா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிப் படியிறங்கினான். அவ்வளவுதான். தேடாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. சில வருஷம் கழித்துக் காவல் நிலையத்தில் கோப்பை மூடக் கையெழுத்துக் கேட்டார்கள். ஆள் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். ஒரு நாளைக்கு நாற்பது "இல்லை" எழுதுகிற கை அந்த ஒன்றை எழுதவில்லை. வாசல் விளக்கும் அவன் போன சாயங்காலத்திலிருந்து பகலும் இரவுமாக எரிந்தது.

இதெல்லாம் எனக்கு வெகு நாள் தெரியாது. மாணவர், பியூன், தபால்காரர் என்று எல்லோரையும் தம்பி தம்பி என்று கூப்பிடுகிற அலுவலகத்தில் அக்கா மட்டும் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார், அதை மட்டும் கவனித்திருந்தேன். என்னையும் "என்னப்பா"தான்.

கண்ணியில் முதலில் விழுந்தவன் ஒரு வரலாற்று மாணவன். வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த குடிக்கணக்கில் யார் யார் பெயர் விடுபட்டது என்பது அவன் ஆய்வு. "இல்லாதவற்றை எண்ணும் முறை, பக்கம் 7" என்று போட்டிருந்தான். அக்கா "இல்லை" எழுதித் திருப்பி அனுப்பினார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் நான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்தது உயிரியல். குளங்களில் அழிந்துபோன தவளைகளைப் பற்றியது. பக்கம் 19. இதில் மேற்கோளே இருந்தது: "சத்தம் நின்றால் தவளை இல்லை என்று எழுதாதே. கேட்டவன் எங்கே நின்றான் என்று முதலில் கேள்." இல்லாத புத்தகத்திலிருந்து வரி எப்படி வரும்? பயல் சொந்தமாகக் கட்டிவிட்டான் என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, அவனை வரவழைத்தார்.

"எங்கேப்பா படிச்சே இதை?"

"மூணாவது மாடிக்கா. கடைசி அடுக்கு, ஜன்னல் ஓரம். ஒல்லியா, காக்கி அட்டை போட்ட புத்தகம்."

திரும்பப் போய்த் தேடினான், கிடைக்கவில்லை. அவனுக்கும் ஒரு வருஷம் போனது.

மூன்றாவது, திரைப்படத் துறைப் பெண். படச்சுருள் தொலைந்துபோன பழைய படங்களைப் பற்றி எழுதியிருந்தாள். பக்கம் 33: "சுருள் தொலைந்த படத்தில் நடித்தவள் இன்னும் அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறாள். வெளியே வர வழி தெரியவில்லை." படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்தப் பெண்ணும் மூன்றாவது மாடி, கடைசி அடுக்கு, காக்கி அட்டை என்றே சொன்னாள். அவள் ஆய்வேடும் திரும்பியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பக்கங்கள் மட்டும் ஏறிக்கொண்டே வந்தன. யாரோ எழுத எழுத, அதுவரை எழுதியதை இவர்கள் படிப்பதுபோல.

நான்காவது கணிதம். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம், வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அக்கா 48ஆம் பக்கத்து மேற்கோளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். நான் வாங்கிப் படித்தேன்.

"பதினொரு படி உள்ள வீட்டில் பத்து என்று எண்ணும் குழந்தை கணக்கில் தவறவில்லை. மூன்றாவது படி உடைந்திருக்கிறது. அதை மிதிக்க அக்கா விடுவதில்லை."

"எங்க வீட்டுப் படிதான்பா அது" என்றார் அக்கா. "ஒவ்வொரு படிக்கும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே ஏறுவான். மூணாவதைத் தாண்டிக் குதிப்பான். பெரியவனான பிறகும் அதே குதிதான்." அப்போதுதான் தம்பியைப் பற்றிய எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். கண்ணியில் அவன் பெயரை ஏன் வைத்தார் என்று கேட்டேன். "ஒரு பட்டியல்லயாவது அவன் பேர் இருக்கட்டுமேன்னு" என்றார்.

கணித மாணவனை வரவழைத்தோம். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"புத்தகம் அடுக்குல இல்லக்கா. மூணாவது மாடி ஜன்னல் பக்கத்து மேஜையில ஒருத்தர் எழுதிட்டிருந்தார். அவர்தான் படிச்சுப் பாருன்னு நீட்டினார். இன்னும் முடியல, கடைசிப் பக்கம் பாக்கின்னார்."

அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு என்ன வயசு இருக்கும்? ஒரு ஐம்பது இருக்குமா?"

"சேச்சே. என் வயசுதான்கா. இருபத்தாறு, இருபத்தேழு."

அக்கா எழுந்து மாடி ஏறினார். பின்னாலேயே ஓடினேன். மூன்றாவது மாடிக்கு யாரும் போவதில்லை, பழைய அறிக்கைகளைக் கட்டிப் போட்டிருக்கும் இடம். எங்கு பார்த்தாலும் விரல்கனத் தூசி. ஜன்னல் ஓரத்தில் மேஜை, அதன் முன்னால் வெளியே இழுத்துவிட்ட ஒரு நாற்காலி. மேஜையில் ஒரு நோட்டு வைக்கிற அளவுக்கு மட்டும் தூசி இல்லை. அக்கா நாற்காலியின் உட்காரும் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் கையை இழுத்து வைத்தார். சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் விழவில்லை.

கீழே வந்து பதிவேட்டைத் திறந்தார். உண்டு, இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பு: "நான் பார்க்கவில்லை." அதில் கையெழுத்திட்டுக் கணித ஆய்வேட்டை அனுப்பினார். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் போய்க் கண்ணியைப் பற்றிய தன் தப்பையும் ஒப்புக்கொண்டு, திருப்பி அனுப்பிய மூன்று ஆய்வேடுகளையும் மறுபடி எடுக்கச் சொன்னார். கண்காணிப்பாளர் நல்ல மனுஷர். அக்காவுக்கு ஓய்வு தேவை என்று புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார், ஆய்வேடுகளையும் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பணி முடிகிற வரைக்கும் தினமும் சாப்பாட்டு வேளையில் அக்கா மூன்றாவது மாடிக்குப் போய் உட்கார்ந்தார். ஒருநாளும் யாரும் வரவில்லை. "எனக்குக் காட்ட மாட்டேங்கிறான்பா" என்றார் ஒருமுறை. அவன் செத்துவிட்டானா இருக்கிறானா என்பதைக் கடைசிப் பக்கத்தில் சொல்வான் என்று நம்பினார். அந்தப் பக்கம் வருவதற்குள் ஓய்வு நாள் வந்துவிட்டது. போகும்போது பச்சை மைப் பேனாவை என் மேஜையில் வைத்து, "வந்தா சொல்லு" என்றார்.

எட்டு மாதம் கழித்து வந்தது. இறையியல். கூப்பிட்டும் பதில் வராத பிரார்த்தனைகளைப் பற்றிய ஆய்வேடு, எழுதியவர் ஒரு நடுத்தர வயதுப் பாதிரியார். இருநூற்றுப் பதினான்காம் அடிக்குறிப்பு: இல்லாதவற்றை எண்ணும் முறை, பக்கம் 64. அக்கா பட்டியலில் சேர்த்தபோது மொத்தப் பக்கம் என்று சும்மா போட்ட எண் 64. மேற்கோளைப் படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது கடைசிப் பக்கம். ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

மத்தியானமே விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, தெருவிலிருந்து நேரே ஏறும் படி. எண்ணிக்கொண்டே ஏறினேன், பதினொன்று. மூன்றாவது படி வழவழவென்று சிமெண்ட் பூசி நன்றாகவே இருந்தது. பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா இளைத்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார், ஆனால் நான் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை.

"நீயே படி."

படித்தேன். "எண்ணி முடித்தாயிற்று. கடைசி ஆள் வந்தாயிற்று. விளக்கை அணைத்துவிடு."

"எங்க வீட்டு வழக்கம்பா அது" என்றார் அக்கா. "கடைசியா யார் வீட்டுக்கு வராங்களோ, அவங்க கீழேயிருந்தே 'கடைசி ஆள் வந்தாச்சு, விளக்கை அணைச்சிடு'ன்னு குரல் குடுக்கணும். குடுத்தப்புறம்தான் ஏறுவாங்க."

அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றார். சுவிட்சின் மேல் விரலை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது: ஒன்று, இரண்டு. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வாசல் வழியே படி முழுதும் தெரிந்தது. படியில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

சத்தத்தைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ எதையோ தட்டியிருக்கலாம். ஆனால் நானும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு சின்ன இடைவெளி, ஒரு குதி, அப்புறம் மறுபடி மேலே. பத்தோடு நின்றது.

"மூணாவதைச் சரி பண்ணிட்டேன்னு அவனுக்குத் தெரியாதே" என்றார் அக்கா. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சுவிட்சை அழுத்தினார். இருபத்தாறு வருஷமாக எரிந்த விளக்கு அணைந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டு, "உள்ள வா தம்பி" என்றார்.

நான் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தேன். என் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்க்காமல் எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பதிவேட்டைத் திறந்தேன். இருநூற்றுப் பதினான்குக்கு நேரே, மூன்றாவது கட்டத்தில் வைத்த பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தேன். பச்சை மையில் "உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.