முன் பெஞ்சுப் பின்னல்

மோட்டிவேஷன் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வரும். பிளஸ் டூ தொடங்கிய வாரமே அப்பா, கோட் போட்ட ஒரு ஆள் மேடையில் கத்துகிற வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அம்மா என் மேசைக்கு மேலே சூரியோதயப் படம் ஒட்டினாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கண்ணை மூடி எதிர்காலத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள், நான் தூங்கிவிட்டேன். அந்த வருஷம் என்னைப் படிக்கவைத்தது ஒன்றே ஒன்றுதான். வயிற்றெரிச்சல்.

காரணம் கீழ் வீட்டுக்காரி. மயிலாப்பூரில் ஒரே அடுக்குமாடி, அவர்கள் முதல் மாடி, நாங்கள் இரண்டாவது. ஒரே வகுப்பு, தி.நகரில் ஒரே பிசிக்ஸ் டியூஷன். இடுப்பைத் தாண்டும் பின்னல் அவளுக்கு. அச்சடித்த மாதிரி கையெழுத்து. பிளஸ் டூவிலும் முகத்தில் ஒரு பரு கிடையாது. இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். பரீட்சையில் அவள் அடிஷனல் ஷீட் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் பேனாவைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்திலேயே கிடப்பேன். அவள் பொறுமையாக எழுந்து நின்று "பேப்பர் சார்" என்பாள். மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும்.

டியூஷன் சார் ஒவ்வொரு பரீட்சைக்கும் பிறகு மார்க் வரிசையில் இடம் மாற்றுவார். முதல் மார்க்குக்கு முதல் பெஞ்சு ஓரம், இரண்டாவது மார்க்குக்கு நேர் பின்னால். ஆக, நான் பிசிக்ஸ் படித்தது முழுக்க அவள் பின்னலைப் பார்த்துத்தான். கல்லூரி, வேலை, வெளிநாடு எதுவும் என் மனதில் இல்லை. பப்ளிக் பரீட்சைக்குள் ஒரே ஒரு தடவை அவளை முந்த வேண்டும். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் பாய்கட் கிராப்பைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு சம்பிரதாயம் உண்டு, பிளஸ் டூ படித்த எல்லோருக்கும் தெரியும். பரீட்சைக்கு முன்னால் யாரும் படித்தேன் என்று சொல்லக்கூடாது. புத்தகத்தையே கரைத்துக் குடித்திருந்தாலும் "சத்தியமா ஒண்ணுமே படிக்கலடி" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் பொய் சொல்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ரிவிஷன் சமயம், லஸ்ஸில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"ஒண்ணுமே படிக்கலடி" என்றாள்.

"நான் மட்டும் இன்னா கிழிச்சேன்."

"இல்லடி, நெஜமா. புக்கத் தொறந்தாலே ஒரு மாதிரி இருக்கு. மூடி வெச்சுடறேன்."

"மச்சி, ஆக்டிங் ஓவரா கீது. ஆட்டோ வந்துச்சு, ஏறு."

அன்றைய டியூஷன் பரீட்சையில் அவள் பேப்பரே கேட்கவில்லை. பொடி எழுத்தில் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறாள், புது டெக்னிக் போல என்று எனக்கு உதறல். மார்க் வந்தது. நான் முதல். அவள் எங்கேயோ நாலாவது பெஞ்சு.

பாண்டி பஜாரில் எனக்கு நானே ஒரு ஃபலூடா வாங்கிக் கொடுத்தேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் டியூஷனுக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் ஸ்டடி லீவு விட்டிருந்தார்கள். முன் பெஞ்சில் நான். எனக்கு முன்னால் போர்டு, அதில் சாரின் கோணல் எழுத்து, வேறொன்றுமில்லை. வீட்டில் புத்தகத்தை விரித்தால் கை தானாக ரீல்ஸுக்குப் போனது.

"இன்னாமா, இன்னிக்கும் நீ மட்டுந்தானா?" என்றார் வழக்கமான ஆட்டோக்கார அண்ணன். "அந்தப் பாப்பா எங்க? சண்டையா?"

"இல்லண்ணா. நான் ஃபர்ஸ்ட் வந்துட்டேன்."

"அப்றம் ஏன் மூஞ்சி இப்டி கீது?"

அடுத்த பரீட்சையில் நான் மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன். அதற்கடுத்ததில் இன்னும் பின்னால். பப்ளிக் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் பாஸ் ஆவதே பெரிய விஷயம் என்று தெரிந்ததும், ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு ஒரு மாடி இறங்கினேன்.

அவள் அம்மா கதவைத் திறந்தார். "வாடி, நல்ல வேளை வந்தே. எப்பப் பாரு படுத்துண்டே இருக்கா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நீயாவது சொல்லேன்."

கட்டிலில் குப்புறப் படுத்து, பூனையைக் குளிப்பாட்டுகிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஃபர்ஸ்ட் வந்தியாமே! சூப்பர்டி! ட்ரீட் எங்க?"

நிஜமான சந்தோஷம். அவள் ஃபர்ஸ்ட் வந்தபோது ஒரு நாளும் நான் இப்படிக் கேட்டதில்லை. இதிலும் அவளே முதல். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டது.

"டியூஷனுக்கு ஏன் வரல?"

"அன்னிக்கே சொன்னேனேடி. திடீர்னு எதுக்குப் படிக்கறேன்னே தெரியல. நான் படிச்சா யாருக்கு என்ன?"

"எனக்கு! நீ வரலன்னா எனக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது."

"என்னடி இது, லவ்வா?"

"வயித்தெரிச்சல்டி!"

கொட்டிவிட்டேன். பின்னல், கையெழுத்து, பரு இல்லாத கன்னம், அடிஷனல் ஷீட், எல்லாம். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அவள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

"என் மேலயா? இவ்ளோ நாளாவா?"

"ஆமா. நான் முந்திடுவேன்னு நீ ஒரு தடவகூடப் பயந்ததில்லையா?"

"நீ பின்னாடி உக்காந்திருக்கேன்னே நான் கவனிக்கலடி."

செத்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இன்னும் நன்னாப் படிச்சிருப்பேனே!" என்றாள்.

மறுநாள் லஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு பேய் மாதிரி படித்தாள். முன் பெஞ்சு அவளுக்கு, நேர் பின்னால் நான். பேப்பர் கேட்க எழும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். பின்னலை வேண்டுமென்றே என் மேசையில் விழுகிற மாதிரி வீசுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். வீட்டில் அப்பா வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

பப்ளிக் பிசிக்ஸ் அன்று ஒரே ஹால். அவளுக்கு முன்பே நான் எழுந்து நின்று, "பேப்பர் மிஸ்" என்றேன். பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு "ச்சே" கேட்டது.

ரிசல்ட்டில் அவள்தான் அதிகம். வேறென்ன. ஆனால் என் மார்க்கையும் எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா அழுதேவிட்டாள். அழுது, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கீழ் வீட்டுப் பொண்ணு எவ்ளோ?"

அந்த மார்க்கில்தான் தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன வாரம் பின்னலை வெட்டிவிட்டு போட்டோ போட்டிருந்தாள். அப்படியே என் கிராப். கீழே, "உன்னப் பாத்து வயிறெரிஞ்சு வெட்டினது" என்று எனக்கு டேக் வேறு.

பாவி, அதுவும் என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது.