தகடு கழற்றிய தூண்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. காஜா பெராங் பகுதியில் எங்கள் சந்தில் பதினோரு பலகை வீடுகள். யாருக்குக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நான் தற்காலிக ஆசிரியை. ஆற்றோரம் காலியாகக் கிடந்த ஓர் அரிசிக் கிடங்கில் ‘நமது நகரம்’ என்று கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அறை. மற்றவர்கள் படம் வரைந்து ஒட்டினார்கள். எனக்குக் கிடைத்த அறை நீளமாக, குறுகலாக, எங்கள் சந்து போலவே இருந்தது. தரையில் சுண்ணக்கட்டியால் சந்தின் வடிவை வரைந்து, வீடு நிற்கும் இடத்திலெல்லாம் அந்த வீட்டின் எண் தகட்டைக் கம்பியில் தொங்கவிட முடிவு செய்தேன். உள்ளே வருகிறவர் எங்கள் சந்தில் நடக்க வேண்டும்.

நிலம் எங்களுடையதல்ல. குடியிருக்க அனுமதி உண்டு என்பதற்கு, அதிகாரிகள் வாசல் தூணில் அடித்துவிட்டுப் போன அந்தத் தகரத் தகடுதான் அடையாளம். அது எனக்குத் தெரியும். பின்னால் வயலோரத்தில் நிலம் அளக்க அடித்த, சிவப்புத் துணி கட்டிய முளைகள் வரிசையாக நின்றதையும் பார்த்திருந்தேன். கண்காட்சி மூன்று நாள்தானே என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு வண்டிக்கார மாமா தானே ஆணியைப் பிடுங்கித் தந்தார்.

“டீச்சரம்மா, எங்க வீட்டு நம்பரப் பாத்து வெள்ளக்காரன் கை தட்டுவானா?”

“அவன்தான் போயிட்டானே மாமா. இனிமே நம்ப ஆளுங்கதான் தட்டணும்.”

அம்மா மட்டும் மறுத்துவிட்டார். “வாசல் மூளியா நிக்கும். நீ எவ்ளோ படிச்சிருந்தாலும் சரி, நான் தர மாட்டேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அட்டையில் எங்கள் எண்ணை அழகாக எழுதித் தொங்கவிட்டேன்.

திறப்பு நாளன்று சந்தே பட்டு உடுத்திக்கொண்டு கிளம்பியது. ஒரு வீட்டில்கூட ஆளில்லை. கிடங்கில் அவரவர் எண்ணுக்குக் கீழே போய் நின்றுகொண்டார்கள். கடைசி வீட்டு அக்கா வருகிறவர்களை எல்லாம் மறித்தார். “உள்ள வாங்க லா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க!” அறை முழுக்கச் சிரிப்பு. ஆற்றுக் காற்றில் தகடுகள் ஒன்றோடொன்று உரசின.

பிற்பகல் திரும்பினோம். பத்து வீட்டுத் தூண்களில் சிவப்புப் பெருக்கல் குறி. வண்ணம் இன்னும் காயவில்லை. எங்கள் தூணில் மட்டும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை, முளைகளுக்கு நடுவே சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தவரிடம் போய் மலாயில் கேட்டேன்.

“நம்பர் இல்லாத வீடு, ஆளில்லாத வீடு,” என்றார். “நேத்து வந்தோம். நம்பரும் இல்ல, ஆளும் இல்ல. அதான் குறி போட்டோம். இந்த நிலத்த எடுக்கறோம், மாற்று நிலம் நம்பர் உள்ள வீட்டுக்குத்தான்.”

“தகடெல்லாம் கிடங்கில் இருக்கிறது.”

“யார் கழற்றினது?”

“நான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். பத்து வீடுகளையும் எண்ணோடு ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். “கையெழுத்து நல்லாருக்கு,” என்று மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மறுபடி சங்கிலியை எடுத்தார்.

கிடங்குக்கு ஓடிப் போய்த் தகடுகளை அறுத்துக்கொண்டு வந்தேன். மாமா தன்னுடையதை வாங்கித் தூணில் வைத்துப் பார்த்தார். ஆணித் துளைகள் சரியாகப் பொருந்தின. சிவப்புக் கோடுகள் தகட்டுக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.

“ஒங்க தூணு சுத்தமா இருக்குல்ல, டீச்சரம்மா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் கடைசி வீட்டு அக்காவுக்கு நீளமான பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டித்தான் அதை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து ஊரான புக்கிட் பாருவில் யாரிடமோ படித்துக் கேட்டுவிட்டு வந்து, பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினார்.