பந்திக்குத் திரும்பிய வழி

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் இரண்டாம் வெள்ளி, காலை ஏழே கால். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று காபி குடித்தேன். வாயின் வலது ஓரத்தில் அது வழிந்து சேலையை நனைத்த பிறகே எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பாதி முகம்தான் சிரித்தது. மஸ்கட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கணவரைக் கூப்பிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருத்துவர்கள் முதலில் கேட்பது அறிகுறி தொடங்கிய நேரத்தைத்தான்.

இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதம்) என்றார்கள். இரண்டு வாரத்தில் கை கால் ஓரளவு திரும்பின. வலது கன்னம் மரத்தே இருந்தது. பேச்சு குழறியது. டிஸ்பேஜியா (விழுங்கத் தடுமாறுதல்) இருந்ததால் மூக்குவழிக் குழாயில் உணவு போயிற்று. தண்ணீர் குடித்தால் ஆஸ்பிரேஷன் (குடித்தது நுரையீரலுக்குள் போய்விடுதல்) ஆகலாம் என்பதால் அதற்கும் தடை.

படுக்கையில் நான் ஏங்கியது சோற்றுக்கு அல்ல, திருவிருந்துக்கு; கோயிலில் போதகர் தரும் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நானேதான் அதை எடுக்காமல் இருந்தேன். உடன்பிறந்தவரோடு பகை இருந்தால் அந்தப் பந்தியில் சேரக் கூடாது என்று தள்ளி நிற்பவர்கள் எங்கள் சபையில் உண்டு. மற்றவர்கள் எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். அதை நேர்மை என்று நம்பினேன். அதே வேதவசனத்தில் வரும் ‘முதலில் போய்ச் சமாதானமாகு’ என்ற பகுதியை வசதியாக விட்டுவிட்டேன்.

பகை என் தம்பி ஜெபராஜோடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரில் அப்பா இறந்த செய்தி கேட்டு மஸ்கட்டிலிருந்து புறப்பட்டேன். வீடு சேர்ந்தது மாலை ஐந்துக்கு. ஒரு மணிக்கே அடக்கத்தை முடித்துவிட்டான். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

குழாயை எடுத்த மறுநாள், கணவர் கூப்பிட்டதன்பேரில் தம்பி மன்னார்குடியிலிருந்து வந்தான். கெட்டியான கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினான். பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி நான் தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டும்.

“மெதுவா மாப்ள. வயலுக்கு எரு கொட்றாப்ல கொட்டாத,” என்றார் கணவர்.

“சும்மா இருங்கத்தான். அக்கா மொறைக்கிறதுலயே கை நடுங்குது.”

பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அன்னைக்கு வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சுக்கா. எல்லாரும் எடு எடுன்னாங்க. நீ வந்துக்கிட்டிருக்கன்னு எனக்குத் தெரியும். நில்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.”

அவனை விடுவிக்கும் காரணம் ஏதாவது இருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். எதுவும் இல்லை. அவன் செய்தது தவறுதான். மன்னிக்க வேண்டியிருந்ததும் அதைத்தான்.

‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்ல நாக்கு புரளவில்லை. எழுதிக் காட்ட வைத்திருந்த நோட்டை எடுத்தேன்.

“எழுத வேணாம்க்கா. சொல்லு. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்.”

முதல் எழுத்துக்கே மூன்று முறை எச்சில் விழுங்கினேன். சொல்லி முடித்தபோது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, பயிற்சியாளர் சம்மதித்த பிறகு, போதகர் அப்பத்தில் சிறு துண்டைத் திராட்சை ரசத்தில் நனைத்துத் தந்தார். நான் விழுங்கி முடிக்கும்வரை வரிசை காத்து நின்றது. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த தம்பி எனக்கு முன்னால் எழவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்னித்ததால் ஏக்கம் தீரவில்லை. அப்பாவைப் பார்க்கும் ஆசை முன்பைவிடக் கூடியிருக்கிறது. கோபம் இருந்த இடத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஆனால் அத்தனை ஆண்டுகள் கேட்க முடியாததை அன்று கோயில் வாசலில் கேட்டேன்.

“அப்பா மொகம் எப்படிடா இருந்துச்சு?”

தம்பி செருப்பை மாட்டாமல் நின்றான். “வாய் லேசா தொறந்திருந்துச்சுக்கா. துணி வச்சுக் கட்டினோம். நான்தான் ஷேவ் பண்ணிவிட்டேன். அவசரத்துல வலது தாடைல சின்னதா வெட்டிட்டேன். ரத்தம் வரல.”

என் வலது தாடையில் கை வைத்தேன். விரலுக்குத் தாடை தெரிந்தது; தாடைக்கு விரல் தெரியவில்லை. வெகுநேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன்.