வாலு மேடம்

என் மனைவியின் மடிக்கணினியைத் திறந்தால் "வாலு, ஆறாம் வகுப்பு" என்ற பெயர்தான் இன்றும் முதலில் வருகிறது. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவள் விரிவுரையாளராக இருந்தாள். வருங்கால ஆசிரியைகள் திரைவழியே பாடம் நடத்திப் பழகும்போது சக மாணவிகளே பிள்ளைகளாக நடிப்பார்கள். அத்தனை பேரும் தங்கக்கம்பிகள்.

"இப்படி ஒரு வகுப்பு உலகத்துல எங்கயாவது உண்டாங்க?" என்று நொந்துகொண்டவள், மறுநாள் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து வாலுவாக உள்ளே நுழைந்தாள். திரைப் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியது என்பது வகுப்பைத் திறந்துவிடும் அவளுக்கு மட்டுமே தெரியும். முக்கோணத்துக்கு மீசை வரைந்தாள். "மிஸ், இவன் கிள்ளுறான்!" என்று கீச்சுக்குரலில் கத்தினாள். விஷயம் தெரிந்ததும் கல்லூரியே அவளை 'வாலு மேடம்' ஆக்கிவிட்டது.

அவளிடம் ஒரு பெண் படித்தாள். குரல் எழும்பாது, பட்டப்பெயர் பூனை. பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை என்று செய்முறைத் தேர்வில் ஒருமுறை தவறியவள். இந்த முறையும் தவறினால் சான்றிதழ் கிடையாது.

தேர்வன்று வெளித்தேர்வாளர் தன் வீட்டிலிருந்தே திரையில் வந்தார். நரைத்த மீசை, சிரிக்காத முகம். வாலுவுக்கு அன்று விடுமுறை. என் மனைவி வீட்டில் என் பக்கத்தில், மைக்கை அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

பூனை இலையின் படத்தைக் காட்டிப் பேசத் தொடங்கியதும், அதன் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"ஐயோ, என்னங்க, தேர்வாளர்ங்க! திரையில இருக்கிற பேனாப் பொத்தானைத் தெரியாம அமுக்கிட்டாரு. மவுஸை அசைச்சா கோடு விழுது, அது அவருக்கே தெரியல."

"சொல்லிடேன்."

"நான் வாயைத் திறந்தா அவளுக்கு உதவின மாதிரி ஆயிடும். சும்மா இருங்க."

பூனைக்குச் சந்தேகமே இல்லை. இது மேடத்தின் வேலைதான்.

"வாலு! எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு. பேனாவைக் கீழ வை. கையைக் கட்டிட்டு உக்காரு!"

கோடு நின்றது. மூலைக் கட்டத்தில் தேர்வாளர் இடமும் வலமும் பார்த்தார். பிறகு மெல்லக் கையைக் கட்டிக்கொண்டார். பாடம் முடியும்வரை அவிழ்க்கவேயில்லை. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்த நிமிடமே முகம் வெளிறிப்போனது.

"போச்சுங்க. அந்தப் பொண்ணைத் தொலைச்சிடுவாரு."

சிறிது நேரத்தில் அவரே கூப்பிட்டார். "அம்மா, உங்க பொண்ணு யாரையும் விட மாட்டா போலிருக்கே! பாஸ் போட்டுட்டேன். அது கிடக்கட்டும், அந்தக் கோட்டை எப்படிம்மா அழிக்கிறது?"

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவள் போனை வைத்ததும் பூனை அழைத்தாள்.

"என்ன மேடம் நீங்க! பரீட்சையிலயாவது என்னை விட்டிருக்கக் கூடாதா?"

என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி அவள் சொன்னாள்: "தப்புதான்மா. கை சும்மா இருக்கல."