முதல் தலைவர்

படப்பைப் பக்கம் எங்கள் ஊராட்சி தனியாகப் பிரிந்தபோது, அதன் முதல் தலைவராக மக்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதவியில் இருந்தவரை கைப்பேசி ஓயாது. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது கூப்பிடுவார்கள். எரிச்சலில் சில நாள் அணைத்தும் வைத்திருக்கிறேன்.

அடுத்த தேர்தலில் தோற்றேன். அதன்பின் ஒரு வாரம் யாருமே கூப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில் பின்தெருப் பெண் ஒருத்தி பேசினாள்.

"சார், மூணு நாளா தண்ணி வரல."

"நான் இப்ப தலைவர் இல்லையேம்மா."

"தெரியும் சார். புதுத் தலைவர் நம்பர் இருக்கான்னு கேக்கத்தான் போட்டேன்."

கொடுத்தேன். வைக்கப் போனவளிடம், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

"வூட்ல நல்லாகீறாங்க சார்" என்றாள்.

பேச்சை நீட்ட எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.