சட்டைகளுக்கு அடியில் ஒரு நீல முட்டை

1958-ல், சிங்கப்பூருக்கு வந்த புதிதில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தேன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் மாடி அறை. தமிழ்ப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் வேலை. நான் சைவம், முட்டையும் தொட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் அந்த வீட்டில் இறைச்சி சமைக்கவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஈஸ்டர் காலையில் மழை விட்டிருந்தது. முற்றத்து வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் போல இருந்தது. பூசை முடிந்து வந்தவர்களின் வெள்ளை உடுப்புகள் அதில் மிதப்பதுபோல் தெரிந்தன. உள்ளே இடியப்ப ஆவி, ஆட்டுக்கறி வாசம். எனக்குத் தனியாகத் தேங்காய்ப்பால் சொதி. பாதிரியார் ஆசீர்வதித்த வண்ண முட்டைகளை அந்த வீட்டின் எட்டு வயது மகள் பூந்தொட்டிகளுக்கிடையே ஒளித்து வைத்தாள். அவரவர் முட்டையை அவரவர் தேட வேண்டும். என்னுடையது சங்குப்பூச் சாற்றில் ஊறிய நீலம். மேலே பென்சிலால் ஒரு மயில். என் அறை முருகன் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

“உடனே தின்னக்கூடாது மாமா. வடிவாப் பாத்திட்டுத் தின்னுங்கோ.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கணக்கில் அது பிரசாதம். தின்ன முடியாது, குப்பையில் போடக்கூடாது, சாமி படத்தின் முன் வைக்கவும் மனம் இல்லை. இழுப்பறையில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். மாலையில் அவள் கேட்டபோது தின்றுவிட்டேன் என்றேன். நன்றாக இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மாடியெங்கும் நாற்றம். வீட்டுக்கார அக்கா துடைப்பத்தோடு வந்தார். “எலி செத்துக் கிடக்குது போல, தம்பி.” பின்னால் மகளும் நின்றாள். அவர் அலமாரியை நகர்த்தப் போனதும், வேறு வழியில்லாமல் நானே இழுப்பறையைத் திறந்தேன். நீலம் மங்கவில்லை, ஓடு வெடித்திருந்தது.

அக்கா சிரித்துவிட்டார். “சட்டைக்குள்ள வச்சு அடைகாத்தனீங்களோ?”

மகள் சிரிக்கவில்லை. “பிறகேன் நல்லா இருந்தது எண்டு சொன்னனீங்கள்?”

“நான் முட்டை சாப்பிடறதில்லம்மா. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு பயந்தேன்.”

“சொல்லியிருந்தா மாம்பழத்தில மயில் கீறித் தந்திருப்பன்.”

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் அந்த வீடு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் நான் சாப்பிடாத எதையாவது யாராவது ஆசையாக நீட்டினால், அதைச் சாப்பிடமாட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.